சுண்ணாம்புக் குழியில் ஒன்றரை நாள்

போன மாதம் வேலூருக்குப் போய், இறந்துபோன பட்டாளத்துக்காரர்களின் மனைவிமார் பேரைப் பதியும் ஆபீசில் என் கணவரின் மெடலைக் காட்ட வேண்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல பிள்ளை. மெடலை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் இலை வளையத்துக்குள் இங்கிலீஷ் எழுத்து. இரண்டு பக்கமும் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தன.

"ஏம்மா, இது வெள்ளிதானே? கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சி எடுத்தாரக் கூடாதா?"

"கூடாதுங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். ஏன் கூடாது என்று விளக்க அங்கே நேரமில்லை. ரயிலில் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் வந்தது மனதை உறுத்தியது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஆற்காட்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை.

என் கணவர் பேர் முனிரத்தினம். ஆம்பூரில் நசீர் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரியாக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன், பங்குனி மாதத்தில், இரண்டு உருண்டை களி சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பு கம்மி என்று குறை சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப்பற்றி நான் எழுதப் போவதில்லை. மெடல் கதைக்கு அவர் உயிரோடு இருந்தால்தான் சரிப்படும்.

ஜெர்மன் சண்டைக் காலத்தில் அவர் சாப்பர் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ரா பக்கம் போனார். பாலம் கட்டுவதும் பள்ளம் தோண்டுவதும்தான் சாப்பர்களுக்கு வேலை. அங்கே ஒரு பெரிய ஆற்றில் படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை போட்டுப் பாலம் அமைத்தார்கள். எதிர்க்கரையிலிருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரு படகின் கயிறு அறுந்து பாலம் வளையத் தொடங்கியது. இவர் தண்ணீருக்குள் இறங்கி, அறுந்த இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, வேறு கயிறு வந்து சேரும்வரை ஒரு மணி நேரம் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். அதற்குத்தான் மெடல்.

நான் சொல்வதே அவர் சொன்னதைவிட நீளம். அவரைக் கேட்டால், "கயிறு அறுந்துச்சி. புடிச்சேன். வேற கயிறு வந்துச்சி. வுட்டேன்," என்பார்.

"பயமா இல்லியா?" என்று யாராவது கேட்பார்கள்.

"தண்ணி ஜில்லுனு இருந்துச்சி. அதான் பேஜார்."

ஆனால் பட்டாளத்தில் சட்டைப் பொத்தான் தேய்த்த கதையை மட்டும் ஒரு மணி நேரம் சொல்வார். தினமும் காலையில் பித்தளைப் பொத்தான்கள், இடுப்பு வார் கொக்கி, தொப்பி வில்லை எல்லாவற்றையும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டுமாம். குண்டு விழுகிற நாளிலும் அவல்தார் பொத்தானைப் பார்க்காமல் விடமாட்டாராம். கப்பலில் திரும்பி வரும்போது, இனிமேல் இந்த ஜென்மத்தில் எந்த உலோகத்தையும் தேய்ப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார். கடைசி வரைக்கும் ஒரு சொம்பைக்கூட அவர் தேய்த்தது கிடையாது. அந்தச் சத்தியத்தால்தான் எங்கள் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

என் பிறந்த ஊர் திமிரி. என் அப்பா பச்சையப்பனுக்கு ஒரு கிணறும் மூன்று ஏக்கரும் இருந்தன. அவற்றைவிட அவர் பெருமையாக நினைத்தது இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணை. சுண்டு விரல் தடிமன் இருக்கும். அவருடைய அப்பாவின் இடுப்பிலிருந்து வந்தது. அதை அவர் நகையாக நினைக்கவில்லை, வைத்தியராக நினைத்தார். உடம்பு நன்றாக இருந்தால் வெள்ளி வெள்ளையாக இருக்கும், உள்ளே சீக்கு இருந்தால் கறுக்கும். எங்கள் ஊரில் எல்லோருக்குமே இந்த நம்பிக்கை உண்டு. அப்பா ஒவ்வொரு நாளும் கிணற்றடியில் குளிக்கும்போது அரைஞாணைச் சுற்றித் திருப்பிப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் திருப்தியாக ஒரு செருமல் செருமுவார். நாங்கள் அந்தச் செருமலைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவோம்.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் என் அக்காளின் புருஷன் கல்யாணமான பதினோராவது மாதம் நெஞ்சுச் சீக்கில் செத்துப்போனான். தாலி கட்டிய அன்றே அவன் விரலில் இருந்த வெள்ளி மோதிரம் கறுத்திருந்ததாம். அப்பா பார்த்திருக்கிறார். சபையில் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார். பத்தொன்பது வயதில் அக்காள் வெறுங்கழுத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்துப் பேசுவதையே விட்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் வருஷம் தை மாதம், முனிரத்தினம் என்னைப் பெண் பார்க்க வந்தார். கூட வந்தது அவரை வளர்த்த சின்னம்மா கோவிந்தம்மாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, எனக்கு அத்தை முறை. அவர் காக்கிக் கோட்டு போட்டு, நெஞ்சில் மெடல் குத்தியிருந்தார். முதல் நாள் அத்தை அதைப் பிடுங்கிப் புளி போட்டுத் தேய்த்திருந்ததால் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அப்பா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மெடலைப் பார்த்தார்.

"சுத்தமா கீது," என்றார்.

கோவிந்தம்மாள் அத்தை அவர் வெள்ளியைச் சொல்வதாக நினைத்தாள். அப்பா சொன்னது மாப்பிள்ளையின் ஈரலை.

நான் பார்த்தது வேறு. அவர் தன் பூட்ஸை வாசலில் விட்டால் நாய் தூக்கிப் போய்விடுமோ என்று கையிலேயே வைத்திருந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தபோது சொம்பை வாங்க இன்னொரு கை வேண்டும் என்று யோசித்து, பூட்ஸை என் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பாவும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவர்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மாசிக் கடைசியில் நிச்சயத்துக்கு வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு பச்சைச் சேலை, அத்தை ஆசையாகச் செய்வித்த வெள்ளிக் குங்குமச் சிமிழ். அதே காக்கிக் கோட்டு. ஆனால் இந்தத் தடவை அத்தை ஒரு நாள் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் தோல் ஷாப்பிலிருந்து நேராகக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சில் மெடல் கரிக்கட்டையாக இருந்தது.

ஆம்பூர்க்காரர்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. தோலிலிருந்து மயிர் கழிய, சுண்ணாம்போடு மனோசிலை என்ற சிவப்புக் கல்லையும் பொடித்துச் சேர்த்துக் குழியில் போடுவார்கள். அழுகின முட்டை வாடை கிளம்பும். அந்தக் காற்றுப் பட்டால் எந்த வெள்ளியும் கறுக்கும். அங்கே வேலை செய்யும் பெண்கள் மெட்டியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார்கள். அவருடைய கோட்டு தொங்கிய ஆணி குழிக்குப் பக்கத்து அறையில் இருந்தது. திமிரியில் இருந்த எங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அவர்கள் தட்டு மாற்றிவிட்டுப் போனதும் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். என் அம்மா பேர் ராஜம்மாள்.

"பாத்தியா? ஒரு மாசத்துல கறுத்துப் போச்சி. நெஞ்சு மேல கெடக்குற வெள்ளி கறுத்தா, நெஞ்சுக்குள்ள இன்னா கீது?"

"அவரையே கேட்டுட்டா போச்சி."

"உனக்கு சீக்கான்னு ஒரு ஆம்பளய பாத்து கேக்கறதா? பட்டாளத்துல இருந்து வந்தவன. அவன் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? பொருத்தம் சரியில்லன்னு சொல்லி தட்ட திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்."

"ஜாதகமே எழுதல. பொருத்தம் எங்கேர்ந்து வந்துச்சி?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "பல்லி சொல்லுச்சின்னு சொல்றேன்."

"எந்தப் பல்லி?"

"எதோ ஒரு பல்லி. நம்ம வூட்ல பல்லிக்கா பஞ்சம்?"

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. எனக்கு அவர் வேண்டும் என்று ஒரு பெண் வாயைத் திறந்து சொல்கிற காலம் இல்லை அது. சொல்லியிருந்தாலும், அக்காள் அங்கே சுவரோரம் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு அப்பாவிடம் நான் என்ன வாதாட முடியும்?

மறுநாள் கோழி கூவுமுன்னே அப்பா தட்டு, சேலை, சிமிழ் எல்லாவற்றையும் ஒரு துண்டில் மூட்டை கட்டி ஆற்காடு வரை நடந்து, வண்டி பிடித்து வாலாஜா ரோடு போய், ரயிலேறி ஆம்பூரில் இறங்கினார்.

எங்கள் ஜனங்களிடம் நிச்சயத் தட்டைத் திருப்புவதற்கு ஒரு முறை உண்டு. கையில் கொடுத்து, கையில் வாங்க வேண்டும். கீழே வைத்துவிட்டு வந்தால் திருப்பியதாகாது, பேச்சு அப்படியே நிற்கும். வாங்குகிற கையும் கழுவித் துடைத்த கையாக இருக்க வேண்டும்.

அப்பா முதலில் கோவிந்தம்மாள் அத்தையிடம் போனார். அவள் மூட்டையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அய்யோ அண்ணே, நான் தாலி அறுத்தவ. மங்கலத் தட்ட நான் எப்பிடி தொடுவேன்? அவங்கிட்டயே குடுத்துடு. ஷாப்புல கீறான்."

அப்பா தோல் ஷாப்புக்குப் போனார். முனிரத்தினம் முழங்காலளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று, கொக்கியால் தோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை வெள்ளை.

"வாங்க மாமா. கும்புடக்கூட கை இல்ல பாருங்க. அந்தக் கூடைய கவுத்துப்போட்டு உக்காருங்க. இந்த ஒரு குழி முடிஞ்சதும் கை கழுவிட்டு வந்துடறேன்."

அப்பா உட்கார்ந்தார். நாற்றம் தலையைச் சுற்றியது. துண்டை மூக்கில் வைத்தால் மரியாதைக் குறைவு என்று பொறுத்துக்கொண்டார். ஒரு குழி முடிந்தது. முனிரத்தினம் அப்படியே அடுத்த குழியில் இறங்கினார்.

"இது நேத்தே பொரட்ட வேண்டியது மாமா. வுட்டா தோல் வெந்துடும்."

மூன்றாவது குழிக்குப் போகும்போது சாயபு வந்தார். நீளமான வெள்ளைக் குப்பாயம், கையில் குடை.

"க்யா மேஸ்திரி, நீ ஏன் குழியில? ஆளுங்க எங்கே?"

"யாரும் சரியா வரல சாயபு. இவரு எங்க மாமா. திமிரியில இருந்து வந்துகீறாரு."

சாயபு அப்பாவைப் பார்த்தார். மடியில் இருந்த மூட்டையைப் பார்த்தார். வேப்பமரத்தடியில் எட்டுப் பேர் படுத்துப் பீடி குடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "சரி சரி. அவசர வேலை. எல்லாக் குழியும் பொரட்டணும்," என்று சொல்லிவிட்டு, தன் வீட்டிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு அனுப்பினார்.

ஆறு குழிகள் முடிந்தபோது சாயங்கால ரயில் போய்விட்டது. முனிரத்தினம் கைகளைக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு பிடித்திருந்தது. "இத வெச்சிகினு எத தொட முடியும் மாமா? ராவு ஊறினாத்தான் வுடும். இங்கயே படுங்க. காலைல பேசலாம்." அப்பா குழிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆணி அறையிலேயே படுத்தார். விடிந்து எழுந்து பார்த்தபோது மாப்பிள்ளை மறுபடியும் முதல் குழியில் நின்றிருந்தார்.

மத்தியானம் வரை அப்பா கூடையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்றரை நாளில் அவர் மாப்பிள்ளையின் இருமலுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்திருக்கிறார். ஒரு தும்மல்கூட வரவில்லை. பாட்டுத்தான் வந்தது, அதுவும் அபசுரமாக. ஆனாலும் கறுத்த வெள்ளியை மறக்க முடியவில்லை. கொடுக்கவும் முடியவில்லை. கடைசியில், "அப்பால வர்றேன் தம்பி," என்று சொல்லி மூட்டையோடு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போனார். மேலெல்லாம் அந்த வாடை. நாங்கள் உள்ளே காத்திருந்தோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. செருமல் வரவில்லை.

ஈர வேட்டியோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ராஜம்மா, கெழக்கால இருக்குற அரை ஏக்கர்ல இந்த வருசம் சாமை போடு. ஏத்தத்துக்கு புதுக் கயிறு வாங்கணும். பெரியவள நல்லா பாத்துக்கோ."

"இன்னா பேசற நீ?"

அவர் வேட்டியைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினார். இரண்டு தலைமுறையாக வெள்ளையாக இருந்த அரைஞாண் எருமைக் கொம்பு மாதிரி இருந்தது.

"எனக்கு ஒட்டிக்கிச்சி," என்றார்.

அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். அழுகைக்கு நடுவே, மூட்டையை ஈரத்தில் போட்டிருக்கிறாரே, சேலை வீணாகுமே என்று அதை எடுத்து அவிழ்த்தேன். சேலையில் தோல் ஷாப்பு வாடை குப்பென்று அடித்தது. அதன் மடிப்புக்கு மேலே சிமிழ் இருந்தது. நிச்சயத்தன்று பளபளவென்று பார்த்தேன். இப்போது அதுவும் கறுப்பு.

அதைக் கையில் எடுத்தேன். பிறகு வாசலுக்குப் போய் அப்பாவின் மடியில் வைத்தேன்.

"நைனா, இதுக்கு நெஞ்சு எங்க கீது?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"இது யாரு மேலயும் இல்ல. மூட்டைக்குள்ள இருந்துச்சி. இதுக்கும் சீக்கா?"

அப்பா சிமிழைத் திருப்பினார். அரைஞாணைத் திருப்பினார். மறுபடி சிமிழ். உதடு மட்டும் அசைந்தது. உள்ளே சுவரோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்னவென்று எங்களுக்கு உடனே பிடிபடவில்லை. அக்காள் சிரிக்கிறாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து நாங்கள் கேட்டதில்லை.

"அப்போ சிமிழும் சாவப் போவுதா? அதுக்கும் சாமை போட்டுடலாமா நைனா?" என்று கேட்டுவிட்டு, முறத்தைக் கீழே வைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். "அந்த நாத்தமா இருக்கும்," என்றார். "மனுசனே கறுத்துடுவான் அதுல."

ஆம்பூரில் தட்டு யார் கையிலும் மாறவில்லை. ஆகையால் பேச்சு நின்றபடியே நின்றது. திருத்த வேண்டியது ஒன்றுமில்லை. வைகாசியில் கல்யாணம்.

அதற்குள் அப்பா கறுத்த அரைஞாண் கதையை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். வேட்டிக்கு மேலே இழுத்துவிட்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். கல்யாணத்தன்று கோவிந்தம்மாள் அத்தை புளியோடு மெடலைத் தேடிப் போனபோது குறுக்கே நின்றார்.

"தேய்க்காத கோவிந்தம்மா. வெள்ளையா வந்தா நான் பொய் சொன்னேன்னு ஊரு சிரிக்கும்."

மாப்பிள்ளை அவர் காலில் விழாத குறை. "இந்த மாதிரி ஒரு மாமனாரு பட்டாளத்துல இருந்திருந்தா நான் இன்னும் பத்து வருசம் இருந்திருப்பேன்," என்றார்.

அப்போது மெடல் ஏன் கறுப்பாக இருக்க வேண்டும் என்ற கதை அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் பக்கத்துக் கதைதான் எனக்கு இன்னும் தெரியாமல் இருந்தது. கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த ஒரு வாரத்தில், அவர் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் முழுக்க உரிந்து ஆறி, புதுத் தோல் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"மேஸ்திரி எதுக்கு குழியில எறங்கணும்? ஆளுங்க இல்லியா?" என்று கேட்டேன்.

"ஆளுங்க எல்லாம் இருந்தாங்க. நான்தான் வேப்பமரத்துக்கு தொரத்தி வுட்டேன்."

"எப்போ?"

"உங்க நைனா தட்ட எடுத்துகினு வந்தாரே, அன்னிக்கி. தூரத்துல மூட்டய பாத்தப்பவே எதுக்கு வர்றாருன்னு தெரிஞ்சிபோச்சி. கை காஞ்சா வாங்கித்தானே ஆவணும்? அதான் காய வுடல. சாயபுக்கு மட்டும் புரிஞ்சிடுச்சி."

நான் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"பாரு மீனாம்பா, ஆத்துல ஒரு மணி நேரம் நின்னேன், ராஜா வெள்ளி குடுத்தாரு. குழியில ஒன்றரை நாள் நின்னேன், உங்க நைனா ஒண்ணுமே குடுக்காம எழுந்து போனாரு. அதுதான் எனக்கு வேண்டியிருந்துச்சி."

"இவ்ளோ உரிஞ்சிகீதே, வலிக்கலியா?"

அவர் காலை நீட்டி என் மடியில் வைத்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு கொஞ்சம் சூடா இருந்துச்சி," என்றார். "அதான் பேஜார்."